விபூதி போட்டுத் தேய்த்த டாலர்கள்

என் சித்தப்பாவிடம் இருந்த பணத்தை மதுரையில் எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார், எந்த வங்கியும் மாற்றித் தராது. இருந்தும் எங்கள் குடும்பத்தில் பணக்காரர் யார் என்று என்னைக் கேட்டிருந்தால் தயங்காமல் அவரைத்தான் காட்டியிருப்பேன். அப்போது எனக்கு ஏழு வயது. அவர் பணக்காரர் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி, பீரோவின் மேல்தட்டில் துண்டு போட்டு மூடியிருந்த ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் அமெரிக்க டாலர்கள் இருந்தன. காகித நோட்டு இல்லை, காசுகள். பெரிய காசுகள். ஒன்றை வைத்தால் என் உள்ளங்கையில் முக்கால்வாசி மறைந்துவிடும்.

சித்தப்பாவுக்கு டவுனில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசை வேலை. கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டல். ஒருநாள் ஒரு பெரியவர் கண்ணாடியைக் காணோம் என்று அறையையே தலைகீழாகப் புரட்டியிருக்கிறார். கண்ணாடி அவருடைய நெற்றிக்கு மேலேயே இருந்தது. அதைச் சித்தப்பா பணிவோடு சுட்டிக்காட்ட, அவர் மகிழ்ந்துபோய்ப் பையிலிருந்து ஒரு பெரிய காசை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா அதை மாற்றலாம் என்று போன இடத்தில் எல்லாம் நோட்டு என்றால் வாங்குவோம், காசு வேண்டாம் என்றார்கள். யாரும் வாங்காத அந்தக் காசை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், பிறகு பார்ப்பதை நிறுத்தவே இல்லை. எங்கள் வீட்டில் அதை "கிறுக்குப் பிடித்தது" என்று சொல்வார்கள்.

அந்தக் காசின் ஒரு பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒரு ஜனாதிபதி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். மறுபக்கத்தில் ஒரு கழுகு, காலில் இலைக்கொத்தைப் பிடித்தபடி நிலாவில் வந்து இறங்கும். மனிதன் நிலாவுக்குப் போனதைக் கொண்டாட அடித்த காசாம். இதில் இரண்டு ஜாதி உண்டு. கடைத்தெருவில் புழங்குவதற்கு என்று செம்பும் நிக்கலும் சேர்த்து அடித்தது ஒன்று. சேகரிக்கிறவர்களுக்கு என்று வெள்ளி கலந்து அடித்தது இன்னொன்று. முகம் ஒன்றுதான், கழுகும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஓரத்தைப் பார்க்க வேண்டும். சாதாரணக் காசின் ஓரத்தில் செம்புக் கோடு செவசெவ என்று ஓடும், வெள்ளிக் காசில் அந்தச் சிவப்பு இராது. சத்தத்திலும் வித்தியாசம் உண்டு என்பார் சித்தப்பா. விரல்நுனியில் காசை நிறுத்திப் பென்சிலால் மெல்லத் தட்டிக் காட்டுவார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். இருந்தாலும் பெரிய விஷயம் புரிந்தவள்போலத் தலையாட்டுவேன்.

வெள்ளி அடித்த வருடங்களுக்கு எல்லாம் ஜோடி சேர்ப்பதுதான் அவருடைய லட்சியம். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, கட்டிலில் வெள்ளைத் துண்டை விரித்து, ஒவ்வொரு ஜோடியாக எடுத்து வைப்பார். வெள்ளிக்கு அக்கா, அதே வருடத்துச் செம்புக்குத் தங்கச்சி என்று நான் பெயர் வைத்திருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அவரேகூட முகத்தில் விரல் படாமல் ஓரத்தை மட்டும்தான் பிடிப்பார். அம்மா அந்தப் பக்கம் வந்தால், "புள்ளைய இம்புட்டுப் பக்குவமாத் தூக்குவீங்களான்னு பாப்போம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரே ஒரு தங்கச்சிக்கு மட்டும் அக்கா இல்லை. அந்த வருடத்து வெள்ளிக் காசு திண்டுக்கல்லில் ஒருவரிடம் இருந்தது. அவரும் இதே கிறுக்குப் பிடித்தவர், சித்தப்பாவை விட மூத்தவர். உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் இருவரும் மாமா, மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். காசைக் கொடுக்க அவர் சம்மதிக்கத்தான் செய்தார். ஆனால் அதற்குப் பதிலாகச் சித்தப்பாவிடம் இருந்த வானவில்லைக் கேட்டார்.

வானவில் என்பது நான் வைத்த பெயர். சித்தப்பாவிடம் ஒரே வருடத்து வெள்ளிக் காசுகள் இரண்டு இருந்தன. அதில் ஒன்று பல காலம் காகித உறையிலேயே கிடந்து நிறம் மாறிப்போயிருந்தது. மொட்டைத் தலையைச் சுற்றி நீலம், ஊதா, கொஞ்சம் பொன்னிறம். தேங்கிய தண்ணீரில் எண்ணெய் படர்ந்தால் தெரியுமே, அந்த மாதிரி. இப்படித் தானாக நிறம் ஏறிய வெள்ளிக் காசு லட்சத்தில் ஒன்று என்று திண்டுக்கல் மாமா சொன்னாராம். ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையில் நாணயக் கண்காட்சி இருந்தது. அங்கே வானவில்லைக் கொடுத்துவிட்டு அக்காவை அழைத்து வருவது என்று ஏற்பாடு. சித்தப்பா நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் ஆவணியில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் வாடிப்பட்டி. பெண் பார்க்கப் போனபோது அவர்கள் மாப்பிள்ளைக்கு ஏதாவது பழக்கம் உண்டா என்று சாடையாகக் கேட்டிருக்கிறார்கள். அப்பா வாய் தவறி, "தம்பிக்குச் சேக்குற பழக்கம் உண்டு, எல்லாம் டாலராத்தான் சேக்குறான்" என்று சொல்லிவிட்டார். பெண்ணின் தகப்பனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளை டாலரில் சேர்க்கிறார் என்ற செய்தி வாடிப்பட்டி முழுக்கப் பரவி, கல்யாணத்துக்கு வந்த பெண் வீட்டு ஆட்கள் எல்லோரும் சித்தப்பாவை ஒரு தனி மரியாதையோடு பார்த்தார்கள். அதனால் அம்மா அவரை எச்சரித்து வைத்திருந்தாள். வந்த புதிதிலேயே டப்பாவைத் திறந்து காட்டிப் பெண்ணை மிரட்ட வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும் என்று. சித்தப்பாவும் அடக்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு விரிப்பது நின்றுபோனது. ஆனால் புதுப்பெண் கையில் பீரோச் சாவியைக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வழக்கத்தை மட்டும் யாரும் நிறுத்தி வைக்கவில்லை.

சித்திக்கு அந்த வீட்டில் அது முதல் ஆயுத பூஜை. மதுரையை ஒட்டிய பரவையில் எங்கள் தெருவே அன்று காலையிலிருந்து கழுவிக்கொண்டிருந்தது. அம்மாவின் தையல் மிஷின், அப்பாவின் ஸ்கூட்டர், அரிவாள்மனை, ஸ்பேனர் எல்லாம் குளித்து முடித்து வரிசையில் நின்றன. அம்மா பொரியும் பூசணிக்காயும் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சித்தி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு யோசித்தபடி நின்றாள். எல்லோருடைய ஆயுதமும் வந்துவிட்டது, தன் புருஷனுடையதை மட்டும் காணோம். வரவேற்பு மேசைக்காரருக்கு ஆயுதம் ஏது? சித்தியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பீரோவைத் திறந்து, சாவி கைக்கு வந்த நாளிலேயே பார்த்து வைத்திருந்த டாலர் டப்பாவை எடுத்தாள்.

எனக்குச் சட்டம் தெரியும். ஆனால் அது சின்னப் பிள்ளைகளுக்கான சட்டம் என்று நினைத்திருந்தேன். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்களை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது என்பதுதான் வீட்டில் நான் பார்த்து வைத்திருந்த நியாயம்.

"ஆத்தாடி, எம்புட்டு அழுக்கு! ஆம்பளைங்க கையில இருந்தா இப்படித்தான் பாப்பா" என்றாள் சித்தி. வேலை தெரிந்தவள். செம்புக் கோடு ஓடிய காசுகளைத் தனியாகப் பிரித்துக் குத்துவிளக்குக்குக் கரைத்து வைத்திருந்த புளியில் போட்டாள். வெள்ளிக் காசுகளை மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளிக் கொலுசுக்குச் செய்வதுபோல் விபூதியைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். வானவில்லின் முறை வந்தபோது நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். நீலம் போனது, ஊதா போனது, துணியில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. மொட்டைத் தலை பளீரென்று வெளியே வந்தது. அவ்வளவு மினுக்கத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கழுவித் துடைத்து, தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு ஜனாதிபதியின் நெற்றியிலும் சந்தனம் வைத்தாள். அதன்மேல் குங்குமம் வைக்கிற வேலை எனக்குக் கிடைத்தது. அத்தனை பேருக்கும் வைத்து முடித்தேன்.

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் கூடியிருந்தோம். அம்மா தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். அப்பா எதையோ சொல்ல வந்து சித்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சித்தப்பா வேலையிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தார். குத்துவிளக்கு வெளிச்சத்தில் அமெரிக்க ஜனாதிபதிகள் பொட்டு வைத்துக்கொண்டு அவரைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாருக்காங்க?" என்றாள் சித்தி. கை நகமெல்லாம் புளிக்கறை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே அன்று முழுவதும் காத்திருந்தவள்.

 சித்தப்பா கால் கழுவிவிட்டு வருவதாகச் சைகை காட்டிவிட்டுக் கொல்லைக்குப் போனார். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு ஜோடிக் காலுக்கு அவ்வளவு தண்ணீர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்தபோது அவருடைய முகமும் நனைந்திருந்தது. தாம்பாளத்துக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"எம்புட்டு வருசமா வச்சிருக்கேன். இந்த ஆளு மொகத்த இன்னைக்குத்தான் ஒழுங்காப் பாக்குறேன்" என்றார்.

சித்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "டேய், ஞாயித்துக்கெழமை அந்தத் திண்டுக்கல்காரர் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, சூடத்தக் காட்டுங்க" என்றார் சித்தப்பா. தம்பி அண்ணனை அதட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பூஜை முடிந்து பொரி தின்றுகொண்டிருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. போன வானவில் திரும்ப வருமா என்று சித்தப்பாவைக் கேட்டேன். அவர் ஒரு கைப்பிடிப் பொரிகடலையை என் வாய்க்குள் திணித்தார். சித்தி என்ன வானவில் என்று விசாரித்தாள். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு என்று சொல்லிவிட்டு, வானவில் என்றாலே கொஞ்ச நேரம்தான் பாப்பா இருக்கும் என்று என்னிடம் சொன்னார். எனக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

கண்காட்சிக்குப் போகாமல் நழுவிவிடலாம் என்றுதான் சித்தப்பா பார்த்தார். தலைவலி என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் அப்பா வாய் விட்டதைப் பிடித்துக்கொண்டு கண்காட்சி, காசு மாற்றுவது எல்லாவற்றையும் விசாரித்துவிட்ட சித்திக்கு ஞாயிற்றுக்கிழமை மேல் ஒரே கண். தான் துலக்கிக் கொடுத்த காசைப் புருஷன் பெரிய மனுஷர்கள் முன்னால் எடுத்து நீட்டுவதைப் பார்க்க அவளுக்கு ஆசை. கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு, கை நிறையக் கண்ணாடி வளையலோடு கிளம்பி நின்றாள். நானும் ஒட்டிக்கொண்டேன். மூவரும் பஸ் பிடித்து டவுனுக்குப் போனோம்.

கல்யாண மண்டபம் ஒன்றில் வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். திண்டுக்கல் மாமா சித்தப்பாவைக் கண்டதும் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். சட்டைப் பையிலேயே அந்த அக்காக் காசை வைத்திருந்தார். சித்தப்பா காகிதப் பொட்டலத்தை நீட்டினார். மாமா பிரித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"என்ன மாப்ள இது" என்றார். 

"வீட்ல பூசை போட்டோம் மாமா. நல்லா இருக்குல்ல?" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா யாரையும் அப்படிக் கெஞ்சலாகப் பார்த்து நான் கண்டதில்லை.

மாமாவின் பார்வை சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் போனது. அங்கே சித்தி, பட்டும் மல்லிகைப்பூவுமாக, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல நின்றிருந்தாள். வாய்க்கு வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார்.

"அருமையா இருக்கு மாப்ள. இம்புட்டு அழகா இருக்குறத எங்கிட்டக் குடுத்துட்டு நீங்க என்ன பண்ணுவீங்க? வீட்லயே இருக்கட்டும்" என்று பொட்டலத்தை மடித்துச் சித்தப்பாவின் கையில் வைத்து, அந்தக் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டார். அக்காக் காசு அவருடைய பையை விட்டு வெளியே வரவே இல்லை. சித்தப்பா டீ குடித்துவிட்டு வாரேன் என்று வெளியே போய்விட்டார்.

நானும் சித்தியும் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டுமாக நடந்தோம். சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, அவரே வேணாமுன்னுட்டாரு, அம்புட்டு அழகாம்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். சுற்றி முடித்து மறுபடி மாமாவின் மேசைக்குப் பின்பக்கமாக வந்தபோது, அவருக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவன் நின்றுகொண்டிருந்தான். பழைய வெள்ளி ரூபாய் ஒன்றைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தான். மாமா எங்களைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் விழுங்கியது எல்லாம் அவர் வாயிலிருந்து அந்தப் பையன் தலையில் கொட்டியது.

"காசத் தேய்க்கலாமாய்யா? தேய்ச்சுட்டா அது செத்த காசு. வெறும் வெள்ளி வெலைக்குத்தான் போகும். இப்பத்தான் ஒண்ணு பாத்தேன், வயிறு எரியுது. மனுசன் உசுரா வச்சிருந்த காசு."

எனக்கு அது காதில் விழுந்தது, அவ்வளவுதான். என் கவனமெல்லாம் மண்டப வாசலில் மணியடித்த ஐஸ் வண்டியின்மேல் இருந்தது. அப்போதுதான் சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். வளையல்கள் என் மணிக்கட்டில் அழுந்தின. "சித்தி, கை வலிக்குது" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். சட்டென்று விட்டுவிட்டு, அழுந்திய இடத்தைத் தடவிக் கொடுத்து, "ஐஸ் தின்னுறியா?" என்று கேட்டாள். கேட்காமலே கிடைத்த ஐஸ் அது. சேமியா ஐஸ்.

திரும்பும்போது பஸ்ஸில் சித்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். ஒரு தரம் மட்டும், அந்த வெள்ளிக் காசு கிடைக்காமல் போனதில் வருத்தமா என்று கேட்டாள். திண்டுக்கல்காரர் ரொம்பப் பிகு பண்ணுகிறார், அவரிடம் நாம் எதற்குக் கெஞ்ச வேண்டும் என்றார் சித்தப்பா. நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஐஸ் குச்சியைக் கடித்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்குச் சித்தி டப்பாவை எடுக்கவில்லை. மிஷின், ஸ்கூட்டர், அரிவாள்மனை எல்லாம் வந்தன. குங்குமக் கிண்ணத்தோடு தயாராக இருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம். சித்தப்பா அன்று விடுப்பு எடுத்திருந்தார். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். டப்பாவையும் விபூதித் தட்டையும் கொண்டுவந்து சித்தியின் முன்னால் வைத்தார்.

"இவங்கள விட்டுட்டியே" என்றார்.

சித்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வேணாங்க. தேஞ்சுபோயிரும்" என்றாள்.

"தேஞ்சா தேயட்டும். போன வருசம் நீ தேய்ச்சப்பத்தான் அழகா இருந்துச்சு."

 சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாம்பிராணிப் புகை என்றாள். சாம்பிராணி அப்போது இன்னும் போடவே இல்லை. அவள் வெள்ளிக் காசுகளை எடுத்துக்கொள்ள, சித்தப்பா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செம்புக் காசுகளுக்குப் புளி தேய்த்தார். பெரியவர்கள் இருவருக்கும் பளபளப்பான சாமான் என்றால் உயிர் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் என்பதால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு வருடமும் தவறவில்லை. காசு சேர்ப்பதைச் சித்தப்பா நிறுத்திவிடவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கும் ஆயுத பூஜைக்கு விபூதி உண்டு. தேய்த்துத் தேய்த்து ஜனாதிபதியின் மொட்டைத் தலை இன்னும் மொட்டையாகிவிட்டது. கழுகுக்கு இறகு தெரிவதில்லை. அந்தத் தங்கச்சிக்கு மட்டும் இன்றுவரை அக்கா வரவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் கணினியில் எதையோ தேடப்போய் இந்தக் காசுகளைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. காசைத் துலக்கினால் அதன் மதிப்பு என்ன ஆகும் என்பதும், நிறம் ஏறிய வெள்ளிக் காசுக்காக அமெரிக்காவில் எப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குழாயில் வெகுநேரம் விழுந்த தண்ணீரும், சூடத்தைக் காட்டச் சொன்ன அதட்டலும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. லீவுக்கு ஊருக்குப் போனபோது மனசு கேட்கவில்லை. சித்தி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் இல்லை, சித்தப்பாவும் வேலைக்குப் போயிருந்தார். காசைத் தேய்க்கக் கூடாதாமே, உங்களுக்குத் தெரியுமா என்று மெல்லக் கேட்டேன்.

சித்தி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மண்டபத்துல ஒங் கையப் புடிச்சேன்ல, அப்பவே தெரியும்" என்றாள். கொஞ்சம் காம்பைக் கிள்ளிப் போட்டாள். "மறு வருசம் அவரே டப்பாவக் கொண்டாந்து வச்சப்பறமும் தேய்க்கமாட்டேன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிருமே. அம்புட்டுப் பெரிய காசக் குடுத்து என் மொகம் வாடாமப் பாத்துக்கிட்ட மனுசன். நீ எதையும் ஒளறிராத."

நான் உளறவில்லை. அந்த மண்டபத்தில், அவ்வளவு கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாது என்றுதான் சித்தி என் கையை அப்படிப் பிடித்தாள் என்று அத்தனை வருடமும் நம்பியிருந்தேன். ஐஸ் வாங்கிக் கொடுத்தது என் கை வலித்ததற்காக என்றும்.